டப்பாவிலிருந்த கண்

ஜெயசீலனுக்கு மூக்குக்குப் பின்னால் புற்றுநோய். கதிர்வீச்சு கண்ணைக் கெடுத்துவிடக் கூடாது என்று, சிகிச்சை முடியும்வரை அவனுடைய இடது கண்ணைத் தனியே எடுத்து, ஒரு கண்ணாடி டப்பாவில் வைத்து, மனைவி தவமணியிடம் கொடுத்தனுப்பினார் டாக்டர்.

"பழகின முகத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணும்மா. இல்லேன்னா கண்ணு வாடிடும்."

தவமணி அதை அடுப்புக்குப் பக்கத்தில், மல்லித்தூளுக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவே வைத்தாள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ஜெயசீலனுக்கு ஒரு கண்ணில் மின்விசிறி, இன்னொரு கண்ணில் தன் வீட்டு அடுப்படி. டப்பாவிலிருந்த கண்ணுக்கு இமை கிடையாது, மூடிக்கொள்ளவும் வழியில்லை. தவமணி வெங்காயம் உரித்தபடி அதனிடம் பேசினாள், சிரித்தாள், ஒருநாள் கரண்டியை நீட்டிச் சண்டைகூடப் போட்டாள். ஒரு வார்த்தையும் அவனுக்குக் கேட்கவில்லை. ஆனால் சிரித்தால் இவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதையே அப்போதுதான் கண்டான்.

வீட்டுக்குப் போனதும் அவள் பேசுவதையெல்லாம் உட்கார்ந்து கேட்பது என்று முடிவு செய்தான்.

நோய் போயிற்று. கண்ணைத் திரும்பப் பொருத்திய டாக்டருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"கண்ணு பழையபடியே வேலை செய்யும் சார்."

செய்தது. வீட்டுக்கு வந்த வாரமே, சாப்பிட உட்கார்ந்தவன் இரண்டு கண்ணையும் போனில் பதித்திருந்தான்.

"என்னங்க, நம்ம ஷீலா வீட்டுல என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று தொடங்கினாள் தவமணி.

"ம், கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றான், தலை நிமிராமல்.

அவள் அடுப்படிக்குப் போனாள். காலி டப்பாவைக் கழுவித் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்து, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.