இரும்பு கூடாத அறை

லீவு முடிந்து சூசைமிக்கேல் காந்த ஆய்வுக்கூடத்து வேலைக்குத் திரும்பிய அன்றுதான் வால்நட்சத்திரத்தின் வால் பூமியைத் தொட்டது. காந்த ஊசி இருக்கும் அறைக்குள் இரும்பு கூடாது. கதவில் அடித்த ஆணிகூடச் செம்புதான். சாவி, பெல்ட், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றி வைத்தார். விபத்தில் முறிந்த தொடைக்குள் டாக்டர் வைத்த எஃகுக் கம்பியைப் பற்றி மட்டும், வேலை போய்விடுமே என்று, வாய் திறக்கவில்லை.

ஊசி இருந்த மேடையருகே போய் நின்றதும் அது மெல்லத் திரும்பியது. ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். வால் பட்டால் ஊசி திரும்பும் என்று முப்பது வருஷமாகக் காத்திருந்த இயக்குநர் செண்பகவல்லி அழுதேவிட்டார். சூசைமிக்கேல் அரை அடி நகர்ந்து பார்த்தார். ஊசியும் கூடவே நகர்ந்தது.

"மேடம், நான் ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லுங்க மிக்கேல். மேலிடத்துக்குத் தகவல் போயாச்சு. வால் கடந்து போற வரைக்கும் கதவத் தொறக்க மாட்டோம். நீங்களும் ஆடாம அசையாம நில்லுங்க."

"எப்ப மேடம் கடக்கும்?"

"நாளைக்குச் சாயங்காலம்."

அப்படியே நின்றார். ஒரு மணி நேரத்தில் தொடை கடுக்கத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார், முடியவில்லை. மெதுவாகக் காலை மாற்றி ஊன்றினார்.

வெளியே மறுபடியும் கைதட்டினார்கள்.