அக்கா பல்லுக்கு கேப் போட்டார்கள்

ஒரு வாயின் கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்கள் அக்கா தங்கையாகப் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. ஐஸ் தண்ணீர் பட்டால் இரண்டும் ஒன்றாகக் கூசும்.

ஒருநாள் சீடையைக் கடித்தபோது அக்காவில் பாதி உடைந்து விழுந்தது. அன்றிலிருந்து அவள் ஓயாமல் அழுதாள்.

"கொஞ்சம் சும்மா இரேன். உன்னால யாருக்கும் நிம்மதியில்ல" என்று நாக்கு திட்டியது.

டாக்டர் அக்காவின் நரம்பை எடுத்தார். மிச்சமிருந்ததைச் சுற்றிலும் ராவிக் குட்டையாக்கி, மேலே வெள்ளை கேப் போட்டு ஒட்டினார்.

நாக்கு தடவித் தடவிப் பார்த்தது. "அடேயப்பா, ராணி மாதிரி இருக்கியே! இப்பதான் நல்ல பல்லு."

மறுநாள் காலையில் சூடான காப்பி வந்தது. தங்கை துடித்துப்போனாள்.

"ரொம்பச் சுடுதில்லக்கா?"

"காப்பி வந்துடுச்சா?" என்று கேட்டாள் அக்கா.

தங்கை இன்னும் நாலைந்து நாள் கேட்டுப் பார்த்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

சில மாதம் கழித்துத் தங்கையின் ஓரத்தில், அக்காவை ஒட்டிய பக்கமாக, கறுப்பாக ஒரு புள்ளி விழுந்தது. இனிப்பு பட்டாலே சுருக்கென்றது.

"வலிக்குதுக்கா" என்றாள்.

அக்கா வெகுநேரம் யோசித்தாள். "வலின்னா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சுடி."

அந்தப் பேச்சைக் கேட்டு நாக்கு வந்தது. "என்ன, உனக்கும் ஏதாவது பண்ணுதா?"

"ஒண்ணுமில்லையே" என்றாள் தங்கை, அந்தப் புள்ளி நாக்குக்குத் தட்டுப்படாதபடி அக்காவோடு ஒட்டிக்கொண்டு.