யாருக்கும் கொடுக்கவில்லை

அம்மா ஸ்வீடனுக்கு வந்து பதினோரு நாளும் நான்கு மணி நேரமும் ஆகியிருந்தன. கோதை இன்னும் அந்த விஷயத்தைச் சொல்லவில்லை. நாளைக் காலையில் அம்மாவுக்கு விமானம். திருநெல்வேலி போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக, மகளுக்குப் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்மதம் சொல்லிவிடுவாள்.

பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அம்மா மேசையிலிருந்து ஓர் அரசாங்கக் கடிதத்தை எடுத்தாள்.

“ஏட்டி, ஒம் பேருக்குக் கீழ கிஃப்ட்டுனு போட்டிருக்கு. கவர்மெண்டுல என்ன குடுக்காங்க?”

“அது இங்கிலீஷ் இல்லம்மா. இந்த ஊர்ல அதுக்கு விஷம்னு அர்த்தம். ஜெர்மன்லயும் அப்படித்தான். எங்க லேப் பாட்டில்ல எல்லாம் ஒட்டியிருக்கும்.”

“ஒம் பேருக்குக் கீழயா? ஆள் தெரிஞ்சுதான் போட்டிருக்கான்.”

கோதையும் சிரித்தாள். ஆனால் கடிதத்தை வாங்கி மறைத்துவிடத் தோன்றவில்லை.

“எல்லாமே குடுக்கிறதுங்கிற ஒரு சொல்லுல இருந்து வந்ததும்மா. பரிசு குடுக்கிறது இங்கிலீஷுக்குப் போச்சு. மருந்தை அளந்து குடுக்கிறது விஷமாயிட்டு. இந்த ஊர்ல இன்னொரு அர்த்தமும் உண்டு.”

“அது என்னது?”

“நம்ம ஊர்ல பொண்ணக் குடுக்கிறதுன்னு சொல்லுவோம்லா, அதே மாதிரி.”

அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தச் சொல்லை மறுபடி எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“நான் ஒன்னைய யாருக்கும் குடுக்கலையே,” என்றாள் மெதுவாக.

கோதை அம்மாவின் கையைக் கடிதத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குக் கல்யாணம் ஆயிட்டும்மா.”