பதக்கத்துக்குள் ஒரு பூ

கருகியதைக் காகிதத்தில் சுற்றினாள். குப்பைக்கூடையின் அடியில் அதை அமுக்கி, மேலே டீத்தூளைக் கொட்டினாள். பிறகு கதவைத் தாழிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டாள்.

தடயம் மறைக்கிற கொலைகாரி என்று நினைத்துவிட வேண்டாம். தெருவில் எல்லோருக்கும் அவள் டார்ச்சக்கா. பூ, இலை, குழந்தையின் பால்பல் என்று ஜனங்கள் பொத்திப் பொத்தி வைத்திருப்பதையெல்லாம் ரெசின் என்கிற பிசினில் பதித்து, கைக்கு அடக்கமான புற ஊதா டார்ச்சை அதன்மேல் காட்டி, கண்ணாடி மாதிரி இறுக வைத்துப் பதக்கமாக்கித் தருகிறவள். வெயில் பட்டாலே அந்தப் பிசின் இறுக ஆரம்பித்துவிடும். திரை அதற்காகத்தான்.

ஆனால் அன்றைக்கு அவளே தன்னைக் கொலைகாரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பூவைக் கொண்டுவந்தவர் ஒரு பஸ் டிரைவர். முதல் தடவை விசாரிக்க வந்தபோது கடை பூட்டியிருந்ததால், வாசற்படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாராம். எதிர்வீட்டுக்காரி சொன்னாள். அடுத்த தடவை வந்தபோது அவர் கையில் சின்ன டப்பா இருந்தது. உள்ளே பஞ்சுக்கு நடுவில் காய்ந்த நித்தியகல்யாணிப் பூ.

"எங்க பாப்பா ஸ்கூலுக்குப் போற வழியில பறிச்சு, அவங்கம்மா கையில குடுத்த பூம்மா. மத்த பூவுக்கெல்லாம் அஞ்சு இதழ், இதுக்கு மட்டும் ஆறுன்னு அதுக்கு அவ்வளவு பெருமை." டப்பாவை அவளிடம் நீட்டினார். "பாப்பா இப்ப இல்ல. அவங்கம்மாவுக்கு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். கழுத்துல போட்டுக்கற மாதிரி பண்ணிக் குடும்மா. அவளுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்திருக்கேன்."

"என்கிட்ட குடுத்துட்டீங்கல்ல, கவலைய விடுங்கண்ணே," என்றாள் டார்ச்சக்கா. அந்த வாயில் இப்போது அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ரெசினை மெல்லிசாக ஊற்றி, டார்ச் காட்டி, இறுகிய பிறகுதான் அடுத்த பூச்சு ஊற்ற வேண்டும். மொத்தமாக ஊற்றிவிட்டால் இறுகும்போதே கொதித்துப் போகும். இது அவளுக்குத் தெரியாதா? நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். ஆனால் ஒரு கையில் டார்ச், மறு கையில் போன், போனில் தங்கை, தங்கையின் வாயில் அவள் மாமியார். பேச்சு சுவாரசியத்தில் அச்சு நிறைய ஊற்றிவிட்டு டார்ச்சைக் கிட்டத்தில் பிடித்துவிட்டாள். நாற்றம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்தாள். பூ பழுப்பேறிச் சுருண்டு கிடந்தது.

"என்னக்கா, சத்தத்தையே காணோம்?"

"அப்புறம் பேசறேன்டி," என்று போனை வைத்தாள். பெற்றவளிடமிருந்து அந்தப் பிள்ளையை இரண்டாம் தடவையும் பறித்துவிட்டோமே என்று உட்கார்ந்து அழுதாள்.

அழுகைக்கு நடுவில்தான் அந்தப் புத்தி வந்தது. அவள் வாசல் தொட்டியில் இருப்பதும் நித்தியகல்யாணிதான். எப்போதாவது அதில் ஆறு இதழோடு ஒரு பூ பூக்கும். நல்லவேளையோ கெட்டவேளையோ, இன்றைக்கும் ஒன்று பூத்திருந்தது. பறித்து வந்து, காகிதத்துக்கு நடுவில் வைத்து, இஸ்திரிப் பெட்டியால் ஈரம் போகத் தேய்த்து எடுத்தாள்.

இந்தத் தடவை போனை அணைத்துவிட்டாள். பூச்சுப் பூச்சாக ஊற்றி, நிதானமாக டார்ச் காட்டினாள். ஊதா வெளிச்சத்தில் அந்தப் பூ, டப்பாவில் வந்த பூவின் கூடப்பிறந்தது போலவே இருந்தது. அதை நேராகப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

பதக்கத்தை வாங்கிக்கொள்ள டிரைவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதை அவள் எதிர்பார்க்கவில்லை. மனைவி பதக்கத்தை உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொரு இதழாகத் தொட்டு எண்ணினாள்.

"ஆறு. பாப்பா பூவேதான்." டார்ச்சக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "என் பொண்ண என் கழுத்துக்கே கொண்டு வந்துட்டம்மா. நீ நல்லா இருக்கணும்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வாழ்த்துதான் தாங்க முடியவில்லை.

"வெளிச்சத்துல ஒரு தடவ பாத்துக்கறேன்," என்று மனைவி வாசலுக்குப் போனாள். அங்கேதான் தொட்டி இருந்தது. இனி ஒரு நிமிஷமும் இதைச் சுமக்க முடியாது என்று டார்ச்சக்காவுக்குத் தோன்றிவிட்டது.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பாப்பாவோட பூவ நான் கருக்கிட்டேன். அது என் தொட்டியில பறிச்ச பூ. அக்காகிட்ட நானே சொல்லிடறேன். நீங்க என்ன திட்டினாலும் வாங்கிக்கறேன்."

டிரைவரின் முகம் வெளுத்தது. விறுவிறுவென்று போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தார். கன்னத்தில் விழப்போகிறது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மெதுவாப் பேசும்மா," என்றார் அவர். "அலமாரிய ஒழிக்கும்போது பாப்பாவோட பூவ நான்தான் தெரியாம குப்பையில போட்டுட்டேன். நீ கருக்கினதும் உன் தொட்டிப் பூதான்."