நாற்றத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி

தடதடவென்று குளியலறைக் கதவு இடிபட்டது. மெட்டில்டா திறந்ததும், வீட்டுச் சொந்தக்காரி சென்னம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"தூ! தெருவே நாறுது. உள்ளே என்னடி பண்றே?"

ஒரு தட்டில் ஸ்ரீரங்கப்பட்டணத்து மீன் தலைகள் புழுத்துக் கிடந்தன. பக்கத்தில் புதிதாக வார்த்த மெழுகுவர்த்திகள்.

"எந்த வர்த்தி இந்த நாத்தத்தை அமுக்குதுன்னு பார்க்கறேன்க்கா. மெட்ராஸ்ல கட்டிக்கொடுத்த மோலி, கல்யாணத்துக்கப்புறம் மொத தடவையா மைசூருக்கு வர்றா. சாயங்கால ரயிலுக்குள்ளே சரியானதைக் கண்டுபிடிச்சாகணும்."

"மக வர்ற நாள்லயா இந்தக் கர்மம்? வீட்டைக் காலி பண்ணு!"

மெட்டில்டா மல்லிகை எண்ணெய் கலந்த பாரபின் வர்த்தியை ஏற்றினாள். கரும்புகையும் மல்லிகையும் மீனோடு சேர்ந்துகொள்ள, சென்னம்மா முந்தானையை இன்னும் அழுத்திப் பிடித்தாள். அடுத்தது, சந்தன எண்ணெய் ஊற்றிய தேன்மெழுகு. மெல்லிய திரி உருகிய மெழுகில் மூழ்கி அணைந்தது. அதே மெழுகில் தடித்த திரி போட்டதை ஏற்றினாள். சுடர் நிமிர்ந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் சென்னம்மாவின் முந்தானை தானாகக் கீழே இறங்கியது.

"அட, சந்தனம் மட்டும்தான் மணக்குது! ஆனா பைத்தியக்காரி, மீனைத் தூக்கி எறிஞ்சா ஆச்சு. அதுக்குப் போய் இவ்வளவு கூத்தா?"

மெட்டில்டா உள்ளறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மீனை எறிஞ்சிடலாம்க்கா, கட்டில்ல கிடக்கிற மோலி அப்பாவோட அழுகின காலை எங்கே எறியறது? அவர் பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு வர்த்தியா ஏத்தி மோந்து பார்த்தா, அந்த மனுஷன் தாங்குவாரா?"