முப்பது வாட் வெயில்

“இது வேண்டாம்மா. இந்த ஊதா வெளிச்சம் கண்ணை உறுத்தும். செடி இருக்கிற ரூம்லதான் ஒருத்தர் நாள் முழுக்கப் படுத்திருக்கார்.”

விளக்குக் கடைக்காரி அந்தப் பட்டை விளக்கைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினாள். வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கசங்காத சட்டை, கையில் நான்காக மடித்த ஒரு தாள். அரைமணி நேரமாக அவளைக் கேள்வியால் குடைந்துகொண்டிருந்தார்.

“இது வெள்ளை சார். வெயில் மாதிரியே இருக்கும். நூறு வாட்.”

“வாட் கூடினா கரண்ட்டுதான் கூடும். ஒரு வாட்டுக்கு இலைக்கு எவ்வளவு வெளிச்சம் போய்ச் சேருதுன்னு சொல்லுங்க. பில் ஏறுச்சுன்னா அவங்க அணைச்சு வெச்சிருவாங்க.”

செடி விளக்கு வாங்க வருகிறவர்கள் எது பளிச்சென்று எரியும் என்று மட்டும்தான் கேட்பார்கள். இப்படி ஒருவர் கேட்டது அவளுக்கு உள்ளூரப் பிடித்திருந்தது. மேல் தட்டிலிருந்து மெலிதான ஒரு விளக்கை இறக்கினாள்.

“அப்போ இதுதான். முப்பதே வாட். இலைக்கு ஒரு அடி மேல தொங்கவிட்டா, அந்தப் பெரிய விளக்கு தர்றதுல முக்கால்வாசி தரும். சூடு கிடையாது, இரைச்சல் கிடையாது. டைமர் வெச்சா தானா எரிஞ்சு தானா அணையும். பன்னிரண்டு மணி நேரம் போதும்.”

அவர் தாளைப் பிரித்தார். ஜன்னலின் அகலம், ஆறு தொட்டிகள், எந்தத் தொட்டியில் என்ன செடி, எந்த மாதத்தில் எத்தனை மணிவரை வெயில் விழும் என்று எல்லாம் பொடி எழுத்தில் இருந்தன.

“முன்னாடி ஒன்பது மணியில இருந்து மூணு மணிவரைக்கும் விழும். இப்ப இல்லை” என்றவர், தாளை மறுபடி நான்காக மடித்தார்.

“யாருக்கு சார்? சொந்தக்காரங்களா?”

“தெரிஞ்சவர். நீங்களே போய் மாட்டிக் கொடுத்துடுங்க. மாட்டினதும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க. யார் அனுப்பினதுன்னு மட்டும் வாயைத் திறக்காதீங்க.”

அவர் போனபிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை. இவ்வளவு அக்கறை இருக்கிற மனிதர் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன?

மறுநாள் காலை, முதல் மாடியில் இருந்த அந்த வீட்டின் கதவைத் திறந்த பெண், “நாங்க எதுவும் கேட்கலையே” என்று தயங்கினாள். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே கூட்டிப் போனாள்.

கட்டிலில் அவள் கணவர் படுத்திருந்தார். லாரி ஓட்டியவர். விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கை எட்டும் தூரத்தில், மங்கலான ஜன்னலோரம் ஆறு தொட்டிகள். புதினா வெளுத்துக் கிடந்தது. தக்காளிச் செடி நூலாக நீண்டு, நிற்கத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்திருந்தது.

“இதுங்களோடதான் எனக்குப் பேச்சே” என்றார் அவர். “ஒவ்வொண்ணா போய்க்கிட்டிருக்கு. கூடவே நானும்.”

கடைக்காரி ஆணி அடித்து, கம்பி கட்டி, விளக்கைத் தொங்கவிட்டாள். ஸ்விட்சைப் போட்டதும் வெளிச்சம் தொட்டிகள்மேல் விழுந்தது. அவர் மெல்லக் கையை நீட்டி அதில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

“யாரும்மா அனுப்பினது?”

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்காத குறை.”

“அம்பது வயசு இருக்குமா? நறுக்குத் தெறிச்ச மாதிரிப் பேசுவாரா? எல்லாத்தையும் தாள்ல எழுதி வெச்சுக்கிட்டு?”

அவள் முகமே காட்டிக்கொடுத்துவிட்டது. அவர் கண்ணில் நீர் வழிந்தது.

“எங்க அண்ணன்தான்!” என்றார் மனைவியிடம். “வீட்டைப் பிரிக்கும்போது சண்டை போட்டுப் போனவன். பதினோரு வருஷம். நான் அடிபட்டுக் கிடந்தப்பகூட எட்டிப் பார்க்கலைன்னு கறுவிக்கிட்டிருந்தேன். அவனே இறங்கி வந்துட்டான், இனி நான் என்ன வீம்பு பிடிக்கிறது? அந்தப் பழைய டைரியில அவன் நம்பர் இருக்கும், எடு.”

“இப்பவா?”

“இப்பவேதான்.”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே அலமாரியைத் துழாவினாள். நடுவில் நிற்பது நாகரிகமில்லை என்று கடைக்காரி கருவிப் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். தெருவுக்கு வந்ததும் விளக்கு வாங்கியவருக்கு போன் போட்டாள்.

“மாட்டியாச்சு சார். ஆனா உங்க குட்டு உடைஞ்சுபோச்சு. நான் சொல்லலை, உங்க தம்பியே கண்டுபிடிச்சுட்டார். அழுதுட்டார் சார். இப்ப உங்களுக்கு போன் வரும். தயவுசெய்து எடுத்துப் பேசுங்க. பதினோரு வருஷக் கோபம் போதும்.”

மறுமுனையில் அவர் குரல் தாழ்ந்தது.

“எனக்குத் தம்பியே கிடையாதும்மா.”

“பின்ன நீங்க யாரு?”

“அவர் ஜன்னலுக்கு எதிர்ல பதினாலு மாடிக் கட்டடம் நிக்குதே, அதுக்கு பிளான் வரைஞ்சவன். அவர் வீட்டுக்கே போய் அளந்து பார்த்துட்டு, வெயில் மறையாதுன்னு கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.”

கடைக்காரி திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தபோது, அந்த ஜன்னலிலிருந்து குரல் உடைந்து வந்தது: “அண்ணே... நான்தாண்ணே பேசுறேன். விளக்கு வந்துடுச்சு...”