அரக்கன் காத்திருப்பான்

"வீட்டு விதி கண்டறியப்பட்டது," என்றது இணையத்தோடு இணைந்த அந்த விளையாட்டு மேசை. பகடைகள் அதன்மேல் ஒட்டிக்கொண்டு உருள மறுத்தன.

ஞாயிறுதோறும் அந்தப் பெரம்பூர் ஃபிளாட்டில் ஆளுக்கொரு வேடமேற்று கதை விளையாடும் நால்வரில், கதையை நடத்துபவள் ஜெசிந்தா. தன் முறை வந்ததும் ஐந்து விநாடிக்குள் பேசாதவன் கதையில் வரும் அரக்கனிடம் வெட்டுப்பட வேண்டும் என்பது மேசையைச் செய்த கம்பெனியின் விதி. முபாரக்குக்குத் திக்குவாய். அதனால் அவன் சொல்லி முடிக்கும்வரை அரக்கன் ஓங்கிய வாளோடு காத்திருப்பான் என்பது ஜெசிந்தாவின் விதி.

மேசையின் ஓரத்தில் ஆட்டத்தை நேரலையில் பார்க்கும் உலகெங்குமுள்ள ரசிகர்களின் வசை ஓடியது. "இதெல்லாம் ஒரு ஆட்டமா?" "திக்குறவனுக்கு ஊமை வேஷம் குடுங்க." யாரோ ஒருத்தி, "எங்க வீட்டுலயும் இப்படித்தான் ஆடுறோம்," என்று எழுதினாள். அடுத்த நொடி அவளுடைய மேசையும் பூட்டப்பட்டதாக ஓரத்தில் அறிவிப்பு வந்தது.

"விதியை நீக்குங்கள். இல்லையேல் உங்கள் கதை அழிக்கப்படும்," என்றது மேசை.

மூன்று வருடக் கதை. முபாரக் எழுந்தான். "நா... நான் போ... போயிடறேன் ஜெசி."

"உக்காருடா. போகவேண்டியது நீ இல்ல."

ஜெசிந்தா பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். மேசை வெறும் பலகையானது. பகடைகள் பிடி தளர்ந்து உருண்டன.

"அழிச்சுக்கட்டும். கதை நம்மகிட்ட இருக்கு. அரக்கன் வாளை ஓங்கிட்டான். உன் முறை, சொல்லு."

"க... க..."

தெருவில் தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. குடத்தைத் தூக்க ஒருவரும் எழவில்லை. லாரி போயும்விட்டது.

அரக்கன் ஓங்கிய வாளோடு நின்றுகொண்டே இருந்தான்.